தற்காப்பு வாதம் உண்டு. அதைச் சொல்ல வேண்டியவர் நாம்தான்

(பாசிர் ரிஸ்ஸில் தமிழ்க் குடும்பங்களிடையே வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன். பார்வைக்குக் குற்றமாகத் தெரியும் ஒரு செயலை, சில சூழ்நிலைகளில் சட்டமே 'இது குற்றமன்று' என்கிறது. இவற்றைப் பொது விதிவிலக்குகள் என்கிறோம். இவை படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டும் உரியவை அல்ல. ஆனால் நம் மக்கள் இவற்றை அறியாமலேயே இழந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்தது. மெக்காலே தலைமையிலான குழு 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டமே 1872இல் இங்கு நடப்புக்கு வந்தது. 76ஆம் பிரிவில் தொடங்கி 106 வரை உள்ளவை பொது விதிவிலக்குகள். இந்தியாவில் அந்தப் பழைய சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதிலும் இதே விதிவிலக்குகள் 14 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளன.

இவற்றில் நமக்கு அதிகம் தேவைப்படுபவை எவை?

முதலாவது, உயிரையும் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமை. ஒருவன் உடைந்த பாட்டிலோடு பாய்ந்தால் நீங்கள் தடுக்கலாம், திருப்பி அடிக்கலாம். ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. அவன் விழுந்து, ஆபத்து நீங்கிய பின் மிதித்தால் அது தற்காப்பு ஆகாது, பழிவாங்கல் ஆகிவிடும். போலீசை அழைக்க நேரம் இருந்ததா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

இரண்டாவது, மனநோய். தான் என்ன செய்கிறோம் என்றே அறியாத அளவுக்கு மனம் பாதிக்கப்பட்டிருந்தால் 84ஆம் பிரிவு பொருந்தலாம்.

மூன்றாவது, வயது. இங்கு 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது. 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் அது 7 வயது. இந்தியாவில் இன்னும் 7 வயதுதான்.

போதையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தானாக விரும்பிக் குடித்துவிட்டு, 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்றால் பொதுவாக அது விதிவிலக்கு ஆகாது.

கடைசியாக, மிரட்டலுக்குப் பணிந்து செய்த செயல். 94ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. ஆனால் மிரட்டல் சாதாரணமானதாக இருந்தால் போதாது. அந்த நேரத்திலேயே தன் உயிரோ பிறர் உயிரோ போய்விடும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருக்க வேண்டும். வட்டி முதலை அடிப்பான், வேலை போய்விடும் என்ற பயம் இதில் சேராது. தானாகவே போய் அந்த வலையில் விழுந்தவருக்கும் இது உதவாது. கொலைக்கு இந்த விதிவிலக்கே கிடையாது.

இது எவ்வளவு குறுகலான வாசல் என்பதற்கு ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கத்தின் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில், தொடையில் கட்டிய பொட்டலத்தோடு பிடிபட்டார். அதில் 42.72 கிராம் டைமார்ஃபின் இருந்தது. 15 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனை. மிரட்டலுக்குப் பயந்து கொண்டு வந்ததாக அவர் விசாரணையில் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2010இல் தீர்ப்பு வந்தது. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று பதிவாகியிருந்தது. மனப் பாதிப்பு உள்ள கடத்தல்காரருக்கு ஆயுள் தண்டனை தர 2012இல் கொண்டுவந்த திருத்தமும் அவரைக் காப்பாற்றவில்லை. தான் செய்வது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. 2022 ஏப்ரல் 27 அன்று, இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சாங்கி சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தண்டனை நியாயமா என்று நாம் தொடர்ந்து கேட்போம். அதோடு நம் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'மிரட்டினார்கள்' என்று சொன்னால் மட்டும் சட்டம் நம்பிவிடாது.

ஏன் நம்பாது? குற்றம் நடந்ததைச் சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஆனால் விதிவிலக்கு உண்டு என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே காட்ட வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 107ஆம் பிரிவுப்படி, அப்படியொரு சூழ்நிலை இல்லை என்றே நீதிமன்றம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும்.

நம் குடும்பங்கள் சறுக்கும் இடம் இதுதான். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி வாக்குமூலம் வாங்கும்போது, அதிகாரி ஓர் எச்சரிக்கையைத் தருவார். உங்கள் தற்காப்புக்கான விவரத்தை இப்போது சொல்லாமல் விசாரணையில் மட்டும் சொன்னால், நீதிபதி அதை நம்புவது குறையலாம் என்பதே அதன் சாரம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அது. நம் பையனோ பயத்தில் 'ஆமாம் சார், நான்தான் அடிச்சேன்' என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறான். எதிரி முதலில் பாட்டிலைத் தூக்கியதைச் சொல்வதில்லை. மாதங்கள் கழித்து வழக்கறிஞர் அதைச் சொன்னால், புதிதாகச் சோடித்த கதை போலத் தெரிகிறது.

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்.

ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? எழுதியதை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். தவறு இருந்தால் கையெழுத்துக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். யார் முதலில் அடித்தார், கையில் என்ன இருந்தது, யார் பார்த்தார் என்பதை விடாதீர்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள். ஒரு பொய், உங்கள் உண்மையையும் கெடுத்துவிடும்.

வீட்டில் ஒருவருக்கு மனநோயோ அறிவுத்திறன் குறைபாடோ இருந்தால், ஊர் என்ன பேசும் என்று மறைக்காதீர்கள். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். அதிகாரியிடம் உடனே சொல்லுங்கள். அப்படிப்பட்டவரை விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் உடனிருக்க இங்கு ஏற்பாடு உண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். குறைந்த வருமானமுள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022 டிசம்பர் முதல் அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. மரண தண்டனை வழக்கு என்றால், வெளிநாட்டவருக்கும் அரசே வழக்கறிஞரைத் தரும்.

உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நேரத்தோடு, உண்மையோடு, நம் வாயால் சொன்னால்தான் அது நமக்கு உதவும். இங்கு கேட்டதை இன்றிரவே உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.