கவுண்ட் ஏறிய பிறகு

வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருக்கும் இரத்தவியல் மருத்துவர்களே, ஆரணி, சேத்துப்பட்டு, கண்ணமங்கலம் பகுதிகளில் மருத்துவம் பார்க்கும் நண்பர்களே, ஆய்வகத் தோழர்களே, சிகிச்சை முடித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நெசவாளர் குடும்பத்தாரே!

ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பற்றிய கருத்தரங்கைப் பட்டுத்தறி ஊரான ஆரணியில் எதற்கு வைக்கிறீர்கள் என்று பலர் கேட்டார்கள். சிகிச்சை வேலூரில் நடக்கிறது. நோயாளி திரும்பி வந்து வாழ்வது இங்கே. அதனால்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

இந்தியாவில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986இல் டாக்டர் மம்மன் சாண்டியின் தலைமையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தப் பணி தொடங்கியது. ஆரணியிலிருந்து அது சுமார் 40 கிலோமீட்டர். உலகின் பெரிய நகரங்களில் மட்டும் கிடைத்த ஒரு வைத்தியம் நம் பேருந்துத் தடத்துக்கே வந்து சேர்ந்தது. இரத்தப் புற்றுநோய் வந்த எல்லாருக்கும் இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட மைலாய்டு வகைக்கு இன்று மாத்திரையே பெரும்பாலும் போதும். மருந்துக்கு அடங்காத, திரும்பத் தலைதூக்கக்கூடிய வகைகளுக்குத்தான் மாற்றுச் சிகிச்சை.

மாற்று நடக்கும் நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜையை வெறுமையாக்கிய பின், நீர்த்த தக்காளிச் சாறு போன்ற நிறத்தில் ஸ்டெம் செல்கள் அடங்கிய ஒரு பை வருகிறது. சலைன் ஏற்றுவது போலவே கம்பியில் தொங்கவிடுகிறார்கள். ஓரிரு மணி நேரத்தில் பை காலி. "இவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. உள்ளே போன அணுக்கள் இரத்தத்தில் சுற்றி, மஜ்ஜை சுரக்கும் ஒரு புரதத்தின் அழைப்பைப் பிடித்துக்கொண்டு எலும்புக்குள் குடியேறுகின்றன. யாரும் ஊசியால் எலும்புக்குள் செலுத்துவதில்லை.

பிறகு காத்திருப்பு. வார்டில் காலையில் எழும் முதல் கேள்வி, "இன்னைக்குக் கவுண்ட் எவ்வளவு?" வெள்ளையணு 100, மறுநாளும் 100, அதற்கடுத்த நாள் 200. நியூட்ரோபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500ஐ எட்டி, தொடர்ந்து 3 நாள் இறங்காமல் நின்றால் ஒட்டிக்கொண்டது என்கிறோம். கையிலிருந்து எடுத்த இரத்த ஸ்டெம் செல் என்றால் ஏறக்குறைய 2 வாரம், எலும்பு மஜ்ஜை என்றால் 3 வாரம், தொப்புள்கொடி இரத்தம் என்றால் இன்னும் கூடுதல். தட்டணுக்கள் பின்னால் வரும். வெளியிலிருந்து ஏற்றாமல் 7 நாள் 20,000க்கு மேல் நின்றால் கணக்கு. அதுவரை நோயாளியைத் தாங்குவது முகம் தெரியாத கொடையாளிகள் தந்த தட்டணுக்கள். எடுத்த தட்டணு 5 நாளுக்கு மேல் தங்காது, சேர்த்து வைக்க முடியாது. அதனால்தான் கொடையாளிகளைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறோம்.

கவுண்ட் ஏறியதும் இனிப்பு கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 500இலேயே நம் அக்கறை நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை. நியூட்ரோபில் திரும்பினாலும் எதிர்ப்புச் சக்தி திரும்பவில்லை. சிடி4 லிம்போசைட்டுகள் தேற ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பழைய தடுப்பூசிகளின் நினைவும் அழிந்துபோவதால், குழந்தைக்குப் போடுவது போல மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரு நெசவாளர் என்னிடம் கேட்டார்: "டாக்டர், எப்போ தறியில உக்காரலாம்?" என்னிடம் இருந்த அறிக்கையில் எல்லா எண்களும் நன்றாக இருந்தன. ஆனால் அவர் உட்கார வேண்டியது குழித்தறி. மழைக்காலத்தில் சுவர் ஈரம் பிடிக்கும், மூலையில் பூஞ்சை படரும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவர் இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தார். பூஞ்சை நுரையீரலில் இறங்கினால் நியூட்ரோபில் எண்ணிக்கை மட்டும் அவரைக் காப்பாற்றாது. அதைச் சொன்னேன். "பாவு பிணைச்சுட்டா சேலை முடிஞ்ச மாதிரி ஆயிடுமா" என்று அவரே சொல்லிக்கொண்டார். பழைய பாவின் நுனியில் புதிய இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கும் அந்த வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்று இந்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாத்திரைகள் குறைந்து, வீட்டின் ஈரச்சுவரைச் சரிசெய்த பிறகே அவர் தறியில் இறங்கினார்.

இன்னொரு விஷயத்தில் உள்ளூர் ஆய்வகங்களின் உதவி வேண்டும். மாற்றுக்குப் பின் நோயாளியின் இரத்த வகையே மாறலாம். ஓ வகைக்காரருக்கு ஏ வகை அண்ணனின் அணுக்கள் ஒட்டினால் மெல்ல மெல்ல அவரும் ஏ ஆகிவிடுவார். இடைப்பட்ட மாதங்களில் பழைய எதிர்ப்பொருள் புதிய சிவப்பணுக்களை அழிப்பதால் சிவப்பணு ஏறுவது தாமதமாகும். அப்போது பழைய அட்டையையோ புதிய வகையையோ மட்டும் பார்த்து இரத்தம் ஏற்றக் கூடாது. ஏற்றும் இரத்தம் கதிர்வீச்சு செலுத்தியதாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள லிம்போசைட்டுகள் நோயாளியின் உடலையே தாக்கக்கூடும்.

இந்த வட்டாரத்தில் மருத்துவம் பார்ப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. மாற்றுச் சிகிச்சை முடித்த ஒருவர் 101 டிகிரி காய்ச்சலோடு உங்கள் வாசலுக்கு வந்தால், மாத்திரை கொடுத்து நாளை வாருங்கள் என்று அனுப்பிவிடாதீர்கள். கவுண்ட் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தொடங்குங்கள், சிகிச்சை தந்த மருத்துவமனையைத் தொலைபேசியில் பிடியுங்கள். ஒவ்வொரு நோயாளியும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி தமிழில் ஒரு பக்க அட்டை வேண்டும். மாற்று நடந்த தேதி, இப்போதைய இரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், கூப்பிட வேண்டிய எண் ஆகியவை அதில் இருக்கட்டும். வேறென்ன சேர்க்க வேண்டும் என்பதை மதிய அமர்வில் நீங்கள் முடிவு செய்யுங்கள். முன்வரிசையில் இருப்பவர்களையும் கேட்டு எழுதுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.