ஆடையைக் கண்டு ஆளை எடை போடலாமா?

(ஜார்ஜ் டவுனில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



பினாங்குத் தெருவையும் மார்க்கெட் தெருவையும் தாண்டித்தான் உங்களில் பெரும்பாலோர் இந்த மண்டபத்திற்கு வந்திருப்பீர்கள். வழியெல்லாம் ஜவுளிக் கடைகள். வாசலில் பொம்மைகளுக்குப் பட்டுச் சேலை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நம் தாய்மார்கள் சற்று நின்று பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அதில் தவறொன்றுமில்லை. இன்று நாம் பேச வந்ததும் அந்தத் துணியைப் பற்றித்தான்.

சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் சட்டையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். சட்டைக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவு நெருக்கமானது. ஒருவன் என்ன சம்பளம் வாங்குகிறான் என்பதை அவன் சொல்வதற்கு முன்பே அவன் சட்டை சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு, அவன் வாயைத் திறக்கும் முன்பே உலகம் அவனுக்கு ஒரு விலையும் போட்டுவிடுகிறது. "ஆள் பாதி, ஆடை பாதி" என்று நம் முன்னோர் சொன்னார்கள். தோட்டத்துத் தொழிலாளிக்கோ பல இடங்களில் ஆடையே முழு ஆளாகிவிடுகிறது.

பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் யார் யார் நின்றார்கள்? துரைக்கு அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, தலையில் தொப்பி. கிராணிக்கு முழுக்கால் சட்டை, பையில் பேனா. கங்காணிக்கு வேட்டி, அதன்மேல் ஒரு கோட்டு, தலைப்பாகை. நமக்கு, பால் வடிந்து காய்ந்து, எத்தனை முறை துவைத்தாலும் போகாத கறை படிந்த துணி. பெயரே தெரியாத ஒருவன் புதிதாக வந்து நின்றாலும், யாரை யார் கும்பிட வேண்டும் என்பது ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

அந்தக் கங்காணியின் கோட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆள் சேர்க்கும் உரிமம் பெற்றுத் தமிழ்நாட்டுக் கிராமத்திற்குத் திரும்பிப் போகும்போது அவர் நல்ல உடையும் நகையுமாகப் போவார். பஞ்சத்தில் அடிபட்ட ஊரார் பார்ப்பார்கள். "நம்மோடு இருந்தவன்தானே, மலாயாவுக்குப் போய் இப்படி ஆகிவிட்டானே!" என்று எண்ணுவார்கள். பேச்சை நம்பாதவர்கூட உடையை நம்பினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். பினாங்குத் துறைமுகத்தை அடைந்ததும் ஜெரஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமைக் கண்டார்கள். பிறகு லயத்தைக் கண்டார்கள். இந்திய அரசாங்கம் 1938-ல் உதவியுடன் ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை இந்தக் கதை நடந்தது. கோட்டைப் பார்த்து முடிவு செய்ததற்கு நம் பாட்டன்மார் கொடுத்த விலை அது.

ஊரில் விட்டு வந்த கொடுமையும் சிறியதன்று. முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, செருப்பணிந்து தெருவில் நடக்கக் கூடாது, பெரியவர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போக வேண்டும் என்று தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கட்டளை இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859-ல்தான் அரசு இறங்கி வந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தது. தோழர்களே, அந்தத் துணியின் விலை சில அணாக்கள் இருந்திருக்கும். அவர்கள் போராடியது அந்த அணாக்களுக்காகவா?

நம் நாட்டிலும் இதே தன்மானப் பிரச்சினை வேறு உருவில் எழுந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு கேட்டார்கள். அதோடு நிற்கவில்லை. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். வயிறு காய்ந்த மனிதன் வயிற்றைப் பற்றி மட்டும்தான் பேசுவான் என்று நினைத்திருந்த முதலாளிகளுக்கு அது வியப்பாக இருந்திருக்கும்.

சரி, ஆடையைப் பார்த்து ஆளை அளப்பது சரியான அளவையாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. இதே பினாங்குத் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. செட்டியார் தரையில் சப்பணமிட்டு, சிறிய மேசைப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருப்பார். இடுப்பில் வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மேலே சட்டைகூட இராது. கடன் கேட்டு அவர் எதிரே நின்றவர்களில் கோட்டும் காலணியும் அணிந்தவர்கள் எத்தனையோ பேர். உடையை வைத்துக் கணக்குப் போட்டால் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்றே மாறிப் போகும்.

அண்மைக் கதை ஒன்று. 2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்தில், கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிப் போனார். வேட்டிக்கு அனுமதியில்லை என்று வாசலில் தடுத்துவிட்டார்கள். உயர்நீதிமன்ற நீதிபதிக்கே, தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழர் உடைக்கு, அந்த மரியாதை! சட்டமன்றத்தில் கொதிப்பு எழுந்து, அவ்வாண்டே ஆகஸ்டில் இப்படிப்பட்ட தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. நல்ல காரியந்தான். ஆனால் நீதிபதியைத் தடுத்ததால் சட்டம் வந்தது. அதே வாசலில் ஒரு கூலித் தொழிலாளி தடுக்கப்பட்டிருந்தால் செய்தியாவது வந்திருக்குமா?

இனி நாம் சொல்லப் போவது நமக்கே தலைகுனிவான செய்தி. மற்றவர் குற்றத்தை மட்டும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் தொழிலாளர் விவகாரங்களைக் கவனித்த ஓர் அலுவலகத்திற்கு ஒரு புதன்கிழமை பிற்பகல் ஓர் அம்மாள் வந்தார். அக்கரையிலிருந்து பஸ் பிடித்து, பெரி ஏறி வந்தவர். காலையில் மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, லயத்துக்குப் போய் மாற்றிக்கொண்டால் பஸ் போய்விடும் என்று, வெட்டுக்குப் போட்ட முழுக்கைச் சட்டையோடேயே வந்துவிட்டார். சட்டையில் பால் கறை. ஒட்டுப்பால் நாற்றம். காலில் ரப்பர் சப்பாத்து. கையில் நான்காய் மடித்த ஒரு கடிதம்.

அதே வேளையில் வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக ஒருவர் உள்ளே வந்தார். நாங்கள் எழுந்து, "வாங்க சார், உட்காருங்க" என்றோம். அம்மாளைப் பார்த்து, "கொஞ்சம் அந்தப் பெஞ்சில உட்காரும்மா" என்றோம். வந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். காப்புறுதி விற்க வந்தவர் அவர்! அவர் போனபோது அலுவலகம் மூடும் நேரமாகிவிட்டது. "அம்மா, இன்னிக்கு நேரமாச்சு. வெள்ளிக்கிழமை வாங்க" என்று அனுப்பினோம். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "சரிங்க ஐயா" என்று கடிதத்தை மடித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை வந்தார். அன்று கடிதத்தைப் பிரித்தோம். அவர் கணவரை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் அது. தேதியைப் பார்த்து நாளை எண்ணினோம். அறுபத்தொன்று.

தோழர்களே, 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-வது பிரிவு என்ன சொல்கிறது? நியாயமான காரணமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்டவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். அந்த நாள் தாண்டினால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். அம்மாள் முதன்முதல் வந்த புதன்கிழமை ஐம்பத்தொன்பதாவது நாள். அன்று கடிதத்தைப் பிரித்திருந்தால் வியாழக்கிழமை காலையில் மனுவைச் சேர்த்திருக்கலாம். வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பம் அது. வழக்கில் அவர்கள் வென்றிருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்கப்படும் உரிமையே அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. எந்தத் துரையும் கிராணியும் அதைச் செய்யவில்லை. நாங்கள் செய்தோம். எங்கள் தாய்மார்களும் அதே கறைச் சட்டை போட்டவர்கள்தான்.

ஏன் இப்படி நடக்கிறது? கெட்ட எண்ணம் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2019-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மனித முகங்களைப் படமாகக் காட்டி, இவர் எவ்வளவு திறமைசாலி என்று கேட்டார்கள். அதே முகத்துக்குச் சற்று வசதியானவர் அணியும் மேலுடை ஒரு முறை, சற்று ஏழை அணியும் மேலுடை ஒரு முறை. வசதி உடையில் இருந்த முகமே அதிகத் திறமை உடையது என்று பார்த்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். படத்தை விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரமே காட்டியபோதும் அதே தீர்ப்பு. உடையைக் கவனிக்காதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் அதே தீர்ப்பு. சரியாகச் சொன்னால் பணம் தருகிறோம் என்றும் பார்த்தார்கள். மாறவில்லை.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? "இனி உடையைப் பார்க்க மாட்டேன்" என்று மனதுக்குள் சபதம் செய்துகொண்டால் போதாது. கண் நம்மை முந்திக்கொள்ளும். ஆகவே கண்ணை நம்பாத ஒரு முறை வேண்டும். அந்த அம்மாள் சம்பவத்திற்குப் பிறகு நாங்கள் மூன்று பழக்கங்களை வைத்துக்கொண்டோம். வருகிறவருக்கு வரிசை எண் கொடுப்பது, அந்த வரிசைப்படியே அழைப்பது. ஆளை விசாரிக்குமுன் கையிலுள்ள கடிதத்தை வாங்கித் தேதியைப் படிப்பது. வேலை நீக்கம் என்றால் அன்றைக்கே நாளை எண்ணிக் கடிதத்தின் தலையில் எழுதுவது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளைச் சட்டைக்காரரும் இப்போது பெஞ்சில்தான் உட்காருகிறார். கிளைச் செயலாளர்களே, உங்கள் கிளையிலும் இதைச் செய்து பாருங்கள்.

தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உலகம் உடையைப் பார்க்கிறது என்பதால் கடன் வாங்கி உடுத்த வேண்டாம். முன்பு சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்த வியாபாரி தவணைக்குக் கொடுத்துவிட்டுச் சம்பள நாளன்று வாசலில் நிற்பார். இன்று அதே கடன் அட்டையாகவும், கைப்பேசித் தவணையாகவும், சட்டவிரோத வட்டிக்காரனாகவும் வருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக வந்தது. 2025-ல் 1,700 ஆயிற்று. போராடி உயர்த்திய அந்தப் பணம் தீபாவளிச் சேலைக் கடனுக்கும் அதன் வட்டிக்கும் போகலாமா? பக்கத்து வீட்டார் ஒரு நாள் பார்த்து மெச்சுவார்கள். தவணையோ பொங்கலைத் தாண்டியும் நிற்கும்.

அதற்காக நாம் அழுக்கோடு திரிய வேண்டும் என்று சொல்லவில்லை. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் பாட்டிமார் வாக்கு. அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து ஞாயிற்றுக்கிழமை மாலை லயத்து வாசலில் காய்ந்துகொண்டிருக்கும். கால்விரல் பக்கம் கிழிந்திருந்தாலும் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். அதைத் தேய்த்த தாயின் கைக்கு நாம் தலை வணங்குகிறோம். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு நல்ல சட்டை ஒன்று வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. உலகம் திருந்தும் வரை அவன் வேலையில்லாமல் காத்திருக்க முடியுமா? ஒரு சட்டை வாங்கிக் கொடுங்கள். ஆனால் வேலை கிடைத்து அவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் நாளில், எதிரே பால் கறையோடு வந்து நிற்பவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1913-ல் தென்னாப்பிரிக்க நேட்டாலில் ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் தமிழர் மிகப் பலர். துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் டர்பன் நகரக் கூட்டத்திற்கு வந்த பாரிஸ்டர் காந்தி, கோட்டையும் கழுத்துப் பட்டையையும் விட்டுவிட்டு, ஒப்பந்தத் தொழிலாளியின் உடையில் வந்து நின்றார். மாண்டவர்களுக்குத் துக்கம் காத்த உடை அது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1921 செப்டம்பரில் மதுரையில் மேலுடையையும் விட்டு ஏழை விவசாயியின் அரைவேட்டிக்கு மாறினார். கூலிக்காரனின் துணி இழிவு என்று உலகம் சொன்னபோது, அந்தத் துணியையே உடுத்திக் காட்டினார்.

நாம் எல்லோரும் அப்படி மாற வேண்டியதில்லை. நாளைக் காலையில் மரத்தடியிலிருந்து நேரே ஒருவர் நம் வாசலுக்கு வந்தால், எழுந்து நின்று "வாங்கம்மா, உட்காருங்க, கடிதத்தைக் கொடுங்க" என்று சொன்னால் போதும். அந்த அம்மாளுக்கு நாங்கள் அன்று சொல்லத் தவறியது அவ்வளவுதான்.