பட்டுச் சால்வையும் அதன் உரிமையாளரும்



நுகேகொடையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர் பலருக்கு இன்று மெல்பேர்ணிலும் சிட்னியிலும் உறவினர் உண்டு. அவர்கள் விடுமுறைக்கு வருங்கால் கொண்டுவரும் அன்பளிப்புகளுள் கழுத்திலே அணியும் பட்டுச் சால்வையும் ஒன்று. காவியும் கருமையும் மஞ்சளும் வெண்மையுமாகப் புள்ளிகளும் வட்டங்களும் நிறைந்த அச்சால்வையை, அவுஸ்திரேலியப் பூர்வீகக் குடிகளின் சித்திரம் என்று போற்றுகிறோம். சிலர் இத்தகைய சால்வைகளை விரும்பிச் சேகரித்தும் வருகின்றனர். அவற்றுள் மெய் எது, போலி எது என்று தெரிவது எவ்வாறு? அதுவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலிலே துணியைச் சோதிப்போம். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பிற் காட்டுங்கள். பட்டாயின் மயிர் கருகும் மணம் வீசும். எஞ்சும் சாம்பல் விரலிடையே பொடியாகும். செயற்கை இழையாயின் உருகி, கடினமான மணிபோல் இறுகிவிடும். பின்னர் விளிம்பைப் பாருங்கள். கையால் உருட்டித் தைத்த விளிம்பு சற்றே பருத்திருக்கும். தையல்களின் இடைவெளியும் ஒரே அளவாக இராது. சால்வையைத் திறமையாகச் செய்தார்கள் என்பதை இச்சோதனைகள் காட்டும். ஆனால், சித்திரம் யாருடையது என்பதை அவை சொல்லமாட்டா.

இனிச் சித்திரத்துக்கு வருவோம். பட்டும் இக்கலையும் நீண்டநாள் உறவினர் அல்லர். நடு அவுஸ்திரேலியாவில் பப்புன்யா என்னும் குடியிருப்பில், நிலத்திலும் உடலிலும் வரைந்துவந்த கோலங்களைப் பலகைகளிலே தீட்டும் இயக்கம் 1971இல் தொடங்கிற்று. அதே ஆண்டளவில் தெற்கே ஏர்னபெல்லாவிலும், 1977இல் யூட்டோப்பியாவிலும், பெண்கள் பத்திக் கலையைக் கற்றனர். மெழுகினால் வரைந்து சாயத்தில் தோய்க்கும் இக்கலை யாவாத் தீவிலே சிறந்தது. நம் நாட்டிலும் வேரூன்றியது. 1988இல் யூட்டோப்பியாவின் கலைஞர் 88 பேர் 88 பட்டுத் துணிகளில் தத்தம் கதைகளைத் தீட்டினர். அவர்களுள் ஒருவரான எமிலி காமே உங்வரே என்னும் மூதாட்டி, பின்னர் உலகப் புகழ்பெற்ற ஓவியராய்த் திகழ்ந்து 1996இல் மறைந்தார்.

அந்தக் கோலங்கள் வெறும் அலங்காரமல்ல என்பதே நாம் உணரவேண்டியது. ஒரு வட்டம் ஒரு நீர்நிலையைக் குறிக்கலாம். ஒரு கோடு முன்னோர் நடந்த வழியைக் குறிக்கலாம். எக்கதையை யார் வரையலாம் என்பதற்கு வழிவழி வந்த விதி உண்டு. நம்மவர் நிலத்துக்கு உறுதி எழுதி வைத்திருப்பதுபோல, அம்மக்களுக்குத் தம் நிலத்தின்மேலுள்ள உரிமையைச் சொல்லும் சாசனமே சித்திரம்.

ஆகவே, அதனைக் களவாடுதல் சிறு குற்றமாகுமா? ஜோனி புலுன் புலுன் என்ற ஓவியர், தம் குலமாகிய கனல்பிங்கு மக்கள் புனிதமெனக் கொள்ளும் நீர்நிலையை வரைந்தார். அவ்வோவியத்தைத் துணி வணிகர் அனுமதியின்றித் துணியில் அச்சிட்டு விற்றனர். வழக்கு மன்றேறியது. ஓவியர் தம் படைப்பைக் குலத்தின் நலனுக்கு மாறாகப் பயன்படுத்தலாகாது என்னும் கடப்பாடு உடையவர் என்று அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றம் 1998இல் கூறிற்று. ஓவியர் தமக்காக மட்டும் வரைவதில்லை என்பதைச் சட்டமும் ஏற்றது.

அடையாளச் சீட்டு இருந்தாற் போதாதோ என்று கேட்பீர்கள். போதாது. வியட்நாமிலே நெய்த சில கம்பளங்களில், ஒவ்வொரு விற்பனையிலும் பூர்வீகக் கலைஞருக்குப் பங்குத் தொகை செலுத்தப்படுகிறது என்று எழுதிய சீட்டுத் தொங்கிற்று. உண்மையில் அக்கலைஞரிடம் எவரும் உத்தரவு கேட்கவில்லை. 1994இல் நீதிமன்றம் ஏறத்தாழ 1,88,000 டொலர் நட்டஈடு விதித்தது. 1999இல் மெய்ம்மை முத்திரையொன்றை அங்கே ஏற்படுத்தினர். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

ஆதலின், சேகரிப்போர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. கலைஞரின் பெயர் என்ன? அவர் எந்த ஊரவர்? எந்தக் கலை நிலையத்தின் வாயிலாக உரிமை பெற்று இச்சால்வையைச் செய்தார்கள்? இம்மூன்றுக்கும் விடை இருந்தால், சித்திரம் பொறியினால் அச்சானது என்பதனால் மட்டும் அது போலியாகாது. பெயரே இன்றிப் ‘பூர்வீகக் கலை’ என்று மட்டும் இருப்பின் ஐயுறுக. நடுப்பாலைவனத்தின் புள்ளிகளையும் வடக்கே ஆர்ணம் நிலத்தின் நுண்கோட்டுப் பின்னலையும் கங்காருவோடு கலந்து, எந்த ஊருக்கும் உரியதாகாத ஒன்றைக் கண்டாலும் ஐயுறுக. வாங்கிய சீட்டையும் பற்றுச்சீட்டையும் சால்வையோடு பாதுகாத்து வையுங்கள். பெயர் பிரிந்த துணி மெல்ல மெல்ல அநாதையாகிவிடும். நமது கடற்கரை நகரின் ஈரக்காற்றுக்கு அஞ்சி, வெயில் படாத இடத்தில், வெண்பருத்தித் துணியிலே சுருட்டி வைப்பது நலம்.

இந்நீதி நமக்கும் உரியது. 1960களில் ஈனா டி சில்வா அம்மையாரும் அவருடன் உழைத்த கலைஞரும் இலங்கைப் பத்திக்குக்குப் புதுப்பொலிவு தந்தனர். பெந்தோட்டை விடுதியின் கூரையை அழகுசெய்த அவருடைய பத்திக்கைப் பலர் கண்டிருப்பர். இன்றோ மெழுகே தொடாத அச்சுத் துணிகள் பத்திக் என்ற பெயரிலே கடைகளில் விலைபோகின்றன. நாட்கணக்கில் மெழுகும் சாயமுமாய் உழைக்கும் பெண் அந்த விலைக்கு எவ்வாறு ஈடுகொடுப்பாள்? துணியைத் திருப்பிப் பாருங்கள்; மெழுகு வெடித்த நுண்கோடுகளில் சாயம் ஊடுருவி இருபுறமும் தெரிகின்றதா என்று நோக்குங்கள். மெல்லிய துணியில் அச்சுச் சாயமும் மறுபுறம் ஊறுமாதலால், கண்ணை மட்டும் நம்பாமல், “இதைச் செய்தவர் யார்?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போர் விடை தேடத் தொடங்குவர். செய்தவரின் பெயரும் அவர்தம் மக்களின் இசைவும் அறிந்து அணியும் சால்வையே கழுத்துக்கு அழகு. அதுவே மெய்யான பட்டு.