மருந்தடித்த கைகளும் மறதி நோயும்



இக்கருத்தரங்கு நகரத்து அரங்கை விட்டுக் கேரளத்தின் போனக்காட்டில் கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. விதுரா வழியாக அகத்தியமலை அடிவாரத்துக்கு ஏறி வருகிறவர்களுக்குத் துருப்பிடித்து நிற்கும் தேயிலை ஆலை கண்ணில் படும். நிர்வாகம் கைவிட்ட தோட்டம் இது. கூலிப் பாக்கியும் பணிக்கொடைப் பாக்கியும் தீராமல் இடிந்துவரும் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அன்று கொழுந்து கிள்ளியவர்களுக்கும் பூச்சிமருந்தடித்தவர்களுக்கும் இன்று வயதாகிவிட்டது. ஹார்மோன்களைக் குலைக்கும் வேதிப்பொருள்கள் மூளையை என்ன செய்கின்றன என்ற கேள்வியை இவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

இக்கேள்விக்கு மிக வலுவான சாட்சி இதே மாநிலத்தின் வடகோடியில் இருக்கிறது. காசர்கோட்டில் அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் மீது 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது. ஒழிக்க நினைத்த பூச்சி தேயிலைக் கொசு. அதன் இனத்தவைதான் தேயிலைத் தளிரையும் உறிஞ்சுகின்றன. அந்தப் பகுதி மக்கள் குன்றைக் குடைந்த சுரங்கங்களில் ஊறும் நீரைக் குடிப்பவர்கள்; குன்றின் மேல் விழுவது அந்த நீரிலும் இறங்கும். எண்மகஜே ஊராட்சிப் பகுதியின் மருத்துவர் மோகன் குமார், தம்மிடம் வருவோரில் வலிப்பும் மூளை வளர்ச்சிக் குறைவும் மிகுந்திருப்பதைக் கண்டு எழுதினார். வேளாண் துறை ஊழியர் லீலாகுமாரி அம்மா நீதிமன்றத்துக்குப் போனார். ஓர் ஊர் மருத்துவரும் ஓர் அரசு ஊழியரும் காட்டிய இந்தக் கவனம் எந்த ஆய்வகத்துக்கும் முன்னால் வந்தது என்பதை அறிவியலாளர்கள் மறக்கலாகாது.

பிறகுதான் அளவீடு வந்தது. அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து விழுந்த ஊரின் 117 பள்ளிச் சிறுவர்களை வேறோர் ஊரின் 90 பேரோடு ஒப்பிட்டது. முதல் ஊர்ச் சிறுவர்கள் பருவமடைவது தள்ளிப்போயிருந்தது, டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. ஆய்வு முறையை மறுத்தும் வாதங்கள் எழுந்தன. உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது; 2017-இல் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

இங்கே இப்பொருள்கள் மூளையைத் தாக்கும் இரண்டு வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்டோசல்பான் மூளையின் அடக்கும் சமிக்ஞைகளைத் தடுத்து நேரடியாகவே வலிப்பை உண்டாக்கும். ஹார்மோன் வழி மெதுவானது. கருவின் முதல் மாதங்களில் மூளை வளர்வதற்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் தேவை, பி.சி.பி. போன்ற தொழிற்சாலை வேதிப்பொருள்கள் அதில் குறுக்கிடுகின்றன. ஈஸ்ட்ரோஜனுக்கும் நரம்பணுக்களைக் காப்பதில் பங்கு உண்டு. ஆகவே ஹார்மோன் குலைவின் விலையைக் குழந்தை உடனே கொடுக்கலாம், முதியவர் பல பத்தாண்டுகள் கழித்துக் கொடுக்கலாம்.

முதியவர் பற்றிய சான்று இன்னும் முழுமையாகவில்லை. அமெரிக்காவில் ஜேசன் ரிச்சர்ட்சன் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகள் 86 பேரின் இரத்தத்தில் டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் எச்சமான டி.டி.இ. மற்றவர்களைவிடச் சராசரியாக 3.8 மடங்கு இருந்தது. ஆனால் நோயில்லாதவர்களிலும் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. தொடர்பு தெரிகிறது, காரணம் நிறுவப்படவில்லை. இந்த எல்லையை மேடையில் சொல்லாமல் விடுவது தொழிலாளர்களுக்குச் செய்யும் துரோகம். நாளை நீதிமன்றத்தில் அவர்கள் வழக்கைக் கெடுப்பது மிகையான கூற்றுதான்.

தேயிலைக்கு இதில் நேரடி உறவு உண்டு. இந்தியத் தேயிலைத் தோட்டங்களில் சிவப்புச் சிலந்திக்கு அடிக்கப்பட்ட டைகோஃபால், டி.டி.டி.யிலிருந்து தயாரிக்கப்படுவது. நச்சு வேதிப்பொருள்கள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2019-இல்தான் அதை ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தது.

எனவே இந்த அவைக்கு முன் உள்ள வேலை தெளிவானது. தோட்டம் தோட்டமாக மருந்து வாங்கிய கணக்கேடுகள் கரையான் அரிப்பதற்குள் மீட்கப்பட வேண்டும். யார் எந்த ஆண்டு, எந்த மலையில் மருந்தடித்தார், யார் கர்ப்பிணியாக அதே பாத்தியில் கொழுந்து எடுத்தார் என்பது வாய்மொழியாகப் பதிவாக வேண்டும். நினைவாற்றல் சோதனையும் கை நடுக்கப் பரிசோதனையும் தமிழில், லயத்து வாசலிலேயே நடக்க வேண்டும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் நரம்பியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள். மலையிறங்கிப் போகப் பேருந்துக் காசில்லாதவர்களிடம் அந்தத் திறமை ஏறி வரட்டும்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம். முதல் அமர்வில் பேராசிரியர்கள் கேட்பார்கள், தோட்டத்தில் மருந்தடித்தவர்கள் பேசுவார்கள். கட்டுரைகள் பிற்பகலில் வாசிக்கப்படும்.