தலைமன்னாருக்கு அப்பால்

கடலைக் கரையில் நின்று காண்பதோடு நிறைவடையாதவன் மனிதன். அலைகளுக்கு அப்பால் ஒரு தீவு கண்ணிற்பட்டால், அங்கே சென்று காலூன்ற வேண்டுமென்று அவன் உள்ளம் அவாவுகின்றது. இந்த அவா இன்று பல நாடுகளில் ஒரு பெருந்தொழிலையே தோற்றுவித்திருக்கின்றது. தாய்லாந்து நாட்டின் பாங்கா விரிகுடாவிலே சுண்ணாம்புக்கற் குன்றுகள் கடலினின்று செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் அடியிலே நீர் குடைந்த குகைகள் உண்டு. குகையைக் கடந்து உட்சென்றால், நாற்புறமும் பாறைச் சுவர் சூழ, மேலே வானம் மட்டும் தெரியும் நீர்நிலைகளும் உண்டு. தமக்கெனவே ஒரு படகை அமர்த்திக்கொண்டு அவற்றைக் காணச் செல்வோர் பலர்.

மன்னார்க் கடலிலே அத்தகைய குகைகள் உளவோ என்று வினவும் நேயர்களுக்கு, இல்லை என்றே விடை கூறுதல் வேண்டும். குகை குடைவதற்குக் குன்று வேண்டும். மன்னார்த் தீவோ மணற்பாங்கான தாழ்நிலம். பெருநிலத்தோடு பாலத்தால் இணைக்கப்பட்டு, வடமேற்கு நோக்கி ஒடுங்கி நீண்டு செல்லும் அத்தீவிலே பனையையும் முட்புதரையும், வீதியோரத்தில் மேயும் கழுதைகளையும் காணலாம். குன்றைக் காண இயலாது. ஆயினும் தீவு முடியுமிடத்தில் நிலம் முற்றாக முடிந்துவிடுவதில்லை. தலைமன்னாருக்கு அப்பால், தனுஷ்கோடியை நோக்கி, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்துக்கு மணல் திட்டுகள் தோன்றியும் மறைந்தும் ஒரு வரிசையாகச் செல்கின்றன. இராமர் அணை என்றும் சேது என்றும் தமிழர் வழங்குவது இதனையே. ஆதாம் இவ்வழியே கடலைக் கடந்தார் என்னும் கதையினால், தேசப்படங்களில் இதற்கு ஆதாம் பாலம் என்று பெயர். குகைகளைக் காண விழைந்தவனும் இத்திட்டுகளை ஒருமுறை கண்டால் ஏமாற்றமடையான்.

இங்கே செல்வதற்குக் காலம் பார்த்தல் வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்; வாடைக் காற்று வீசும் மாதங்களில் பாக்குநீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். காலத்தோடு அனுமதியும் வேண்டும். இலங்கைப் பக்கத்துத் திட்டுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 2015 ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. ஆதலின் வனசீவராசிகள் திணைக்களத்தின் இசைவின்றி அங்கே செல்லுதல் முறையன்று. மேலும், இது எல்லைக்கடல். 1974 ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கை இப்பகுதியிலே எல்லையை வகுத்தது. நீரின்மேற் கோடு தெரிவதில்லையாதலின், அதனை அறியாது கடந்தேன் என்று கூறும் பயணியின் சொல் எடுபடாது. கடற்படையினரின் அனுமதியும் இதனாலேயே தேவையாகின்றது.

படகு விடியற்காலையிலே புறப்படுதல் நலம். பின்னேரமானதும் காற்று வலுக்கும். பின்புறத்தே எஞ்சின் பூட்டிய சிறு மீன்பிடிப் படகே இக்கடலுக்கு ஏற்றது. பெரிய படகு தரைதட்டிவிடும். நெடுந்தூரத்துக்கு ஆழம் இரண்டு மூன்று மீற்றருக்கு மேற்படுவதில்லை. சிலவிடங்களில் ஓட்டி எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, மரக்கோல் ஊன்றிப் படகைத் தள்ளிச் செல்வான். நீரின் நிறத்தைக் கொண்டே அவன் வழியை அறிகின்றான். வெளிறிய பச்சை மணலைக் காட்டும். கருமை கடற்புல்லைக் காட்டும். நீலம் ஆழத்தைக் காட்டும். நகரத்திலிருந்து வந்தவனுக்கு அழகாகத் தோன்றும் நிறவேறுபாடு, ஓட்டிக்கு ஏட்டிலுள்ள எழுத்துப் போன்றது.

திட்டை அணுகியதும் ஒரு புதுமை தெரியும். ஒரு பக்கத்திலே அலை இரைந்து உடையும். மறுபக்கத்திலே நீர் குளம் போல் அசைவற்றுக் கிடக்கும். வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடல்களையும் பிரிப்பது சில அடி மணலே. மணல் வளைந்து நீரைச் சிறைப்படுத்திய இடங்களில், முழங்காலளவு ஆழமுள்ள சிறு களப்புகள் அமைந்திருக்கும். அவற்றின் அடியிற் கிடக்கும் சிப்பியையும், நிழல் விழுந்ததும் சிதறியோடும் மீன் குஞ்சுகளையும் படகிலிருந்தே எண்ணிப் பார்க்கலாம்.

இம்மணல் எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், இறுதிப் பனிக்காலத்தின் உச்சத்திலே, கடல்மட்டம் இன்றையதிலும் 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தது. அன்று பாக்கு விரிகுடா என ஒன்றில்லை. இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். பின்னர்ப் பனி உருகக் கடல் உயர்ந்து தாழ்ந்த நிலத்தை மூடியது. எஞ்சிய மேட்டின்மீது காற்றும் அலையும் நீரோட்டமும் மணலைக் கொணர்ந்து குவித்தன; இன்றும் குவிக்கின்றன. ஒரு பருவக்காற்று ஒரு பக்கம் தள்ளுவதை, மற்றொரு பருவக்காற்று மறுபக்கம் தள்ளுகின்றது. ஆதலின் சென்ற ஆண்டு நீண்டிருந்த திட்டு இவ்வாண்டு வளைந்திருக்கும். மழைக்காலத்துக்கு முன் கண்ட வாய்க்கால் பின்னர்த் தூர்ந்திருக்கும். வரைந்த படத்தை மட்டும் நம்பி இங்கே எவனும் படகு செலுத்த இயலாது. ஆண்டுதோறும் போய்வந்த மீனவனின் நினைவே இக்கடலின் உண்மையான படம்.

தூரத்திலிருந்து நோக்குவோனுக்குத் திட்டு வெறுமையாகத் தோன்றும். மரமில்லை, வீடில்லை, வேலியில்லை. யாருக்கும் உரிமையில்லாத இடம் என்று அவன் எண்ணுதல் இயல்பு. அங்கேதான் அவன் பிழை செய்கின்றான். பெரும்பாலும் மே மாதம் முதல் செப்டெம்பர் மாதம் வரை, ஆலாப் பறவைகள் பல இனங்களாகக் கூடி இத்திட்டுகளில் முட்டையிடுகின்றன. அவை மரத்திலே கூடு கட்டுவதில்லை. மணலிலே சிறு குழி பறித்து, அதிலே ஒன்று அல்லது இரண்டு முட்டையிடும். புள்ளியிட்ட அம்முட்டையின் நிறம் மணலின் நிறத்தை ஒத்தது. பகைவரின் கண்ணை மறைப்பதற்கு இயற்கை அளித்த அந்நிறமே, மனிதன் வந்திறங்கும்போது முட்டைக்குக் கேடாகின்றது. அவன் அதனைக் காணாமலே மிதித்துவிடுகின்றான்.

மிதியாவிட்டாலும் தீங்கு உண்டு. ஆலா முட்டையின்மீது அமர்ந்திருப்பது சூடேற்றுவதற்கு மாத்திரமன்று. நண்பகலிலே அதற்கு நிழல் தருவதற்குமாகும். கடலிற் சென்று வயிற்று இறகை நனைத்து வந்து, முட்டையைக் குளிரச்செய்யும் வழக்கமும் இவ்வினத்துக்கு உண்டு. மக்கள் திட்டிலே இறங்கியதும் பறவைகள் யாவும் எழுந்து தலைக்குமேல் வட்டமிட்டுக் கூச்சலிடுகின்றன. வந்தவர்கள் அதனை ஒரு கண்கொள்ளாக் காட்சியாக எண்ணி மகிழ்ந்து நிற்கின்றனர். அவர்கள் நிற்கும் அந்த நேரமெல்லாம் முட்டைகள் கொதிக்கும் மணலிலே வெயிலிற் கிடக்கின்றன. மூன்று நான்கு கிழமை அடைகாத்த உழைப்பு அரைமணி நேரத்திலே வீணாகிவிடக்கூடும்.

அனுபவமுள்ள ஓட்டி இதனை அறிவான். படகிலிருக்கும் இளைஞன், “அண்ணை, அந்தத் திட்டியிலை கொஞ்சம் இறங்கிப் பாப்பமோ?” என்று கேட்டால், “இப்ப அதிலை இறங்கப்படாது தம்பி, ஆலா முட்டை போட்டிருக்குது” என்று அவன் மறுப்பான். அம்மறுப்பினால் அவனுக்குக் கிடைக்கும் கைமுதல் குறையலாம். வந்தவர்கள் அடுத்தமுறை வேறொரு படகைத் தேடிச் செல்லலாம். அதனை அறிந்தும் மறுப்பவனே நல்ல ஓட்டி. அவன் சொல்லுக்கு இணங்குவதே நல்ல பயணிக்கு அழகு.

திட்டுகள் பறவைகளின் வரலாற்றை மாத்திரமன்றி மனிதரின் வரலாற்றையும் சுமக்கின்றன. 1914 ஆம் ஆண்டு தொடக்கம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. இக்கரையிலே புகையிரதம், நடுவே கப்பல், அக்கரையிலே மீண்டும் புகையிரதம். இவ்வாறு கொழும்பிலிருந்து சென்னைக்குச் சென்றவர் எண்ணிறந்தோர். தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரும், கல்வி கற்கச் சென்ற மாணவரும், தலயாத்திரை சென்ற பெரியோரும் இவ்வழியே போய்வந்தனர். 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த புகையிரதம் ஒன்றையும் கடல் கொண்டது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடி, 1980களிலே நின்றுபோயிற்று. 1966 ஆம் ஆண்டு மிகிர் சென் என்னும் இந்திய வீரர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திக் கடந்தார். அதற்கு அவருக்கு ஏறத்தாழ 25 மணி நேரம் சென்றது. அத்தனை அண்மையில் அக்கரை. அத்தனை கடினம் இக்கடல்.

கப்பல் நின்ற அக்காலத்திலேதான் இத்திட்டுகளின் துயரக் கதையும் தொடங்கிற்று. 1983 ஆம் ஆண்டுக்குப் பின், போருக்கு அஞ்சிய குடும்பங்கள் இரவோடிரவாகப் படகேறின. கரையை அணுக அஞ்சிய ஓட்டிகள் சிலர், அவர்களை ஏதேனும் ஒரு திட்டிலே இறக்கிவிட்டுத் திரும்பினர். விடிந்ததும் நாற்புறமும் நீரைக் கண்டு அவர்கள் திகைத்தனர். அங்கே குடிப்பதற்கு நீரில்லை, ஒதுங்குவதற்கு நிழலில்லை. யாரேனும் ஒரு மீனவர் கண்டு ஏற்றிச்செல்லும்வரை காத்திருத்தலன்றி வேறு வழியில்லை. போர் முடிந்து பல்லாண்டு கழிந்த பின்னும் அக்கதை முற்றுப்பெறவில்லை. பொருளாதார நெருக்கடி நிலவிய 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, கைக்குழந்தையோடு அறுவர் தனுஷ்கோடிக்கு அருகே ஒரு திட்டில் இறக்கிவிடப்பட்டனர். இந்தியக் கடலோரக் காவற்படையினர் அவர்களை மீட்டனர். ஒருவன் பணங்கொடுத்து இன்பமாகக் காணச்செல்லும் அதே மணல் வரிசையிலே, தம்மிடமிருந்த பொருளையெல்லாம் கொடுத்து வந்து கண்ணீரோடு நின்றோர் உளர். இதனை நினைந்து செல்பவன் அங்கே ஆரவாரஞ் செய்யான்.

இனி, தாய்லாந்தின் அனுபவம் ஒன்றை இங்கே கருதுதல் பொருந்தும். அந்நாட்டின் பீபீலே தீவிலே மாயா குடா என்றோர் அழகிய இடம் உண்டு. ஒரு திரைப்படத்தால் அது உலகப் புகழ் பெற்றது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் படகுகளில் வந்திறங்கினர். நங்கூரங்கள் பவளப் பாறைகளை உடைத்தன, கடலுயிர்கள் அகன்றன. முடிவிலே, 2018 ஆம் ஆண்டு அரசாங்கம் அக்குடாவை அடைத்துவிட்டது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளின் பின், 2022 ஆம் ஆண்டு ஜனவரியிலே மீண்டும் திறந்தபோது, படகுகள் குடாவினுள் நுழைதல் கூடாது, வருவோர் தொகை அளவிறத்தல் கூடாது என்று விதிகள் வகுக்கப்பட்டன. மக்கள் இல்லாதிருந்த அக்காலத்திலே சிறு சுறாக்கள் குடாவுக்குத் திரும்பி வந்திருந்தன. கெட்ட பின் அடைத்ததனால் அங்கே படகோட்டிகள் பிழைப்பிழந்து வருந்தினர். இங்கோ இன்னும் கெடவில்லை. கெடாமற் காப்பதற்கு இதுவே தக்க காலம்.

ஆகவே, படகுப் பயணம் வேண்டாம் என்பது கருத்தன்று. தலைமன்னார் மீனவனுக்கு அது ஒரு நேர்மையான வருவாய்; மீன் குறைந்த நாளிலே அவன் அடுப்பை எரியச்செய்யும். நாட்டின் பிள்ளைகள் தம் கடலைக் கண்ணாரக் காணுதலும் ஒரு கல்வியே. வேண்டுவன சிலவே. அனுமதி பெற்றுச் செல்லுதல். உயிர்காப்பு அங்கி அணிதல். பறவைகள் முட்டையிடும் காலத்திலே இறங்காது, படகிலிருந்தே கண்டு மீளுதல். இறங்கத்தகும் காலத்திலும் ஈரமணலிலே நடத்தல். கொண்டு சென்ற போத்தலையும் பையையும் திருப்பிக் கொண்டுவருதல். ஓட்டியின் சொல்லைத் தட்டாதிருத்தல்.

பயணி பணங்கொடுத்து வாங்குவது ஒரு படகின் அரைநாள் உழைப்பை மாத்திரமே. திட்டை அவன் வாங்கவில்லை. அது கடல் தந்த இடம். அடுத்த பருவக்காற்றிலே கடல் அதனை மாற்றியமைக்கும். அவன் பதித்த அடிச்சுவடு ஒரு நாளில் அழிந்துவிடும். அவன் மிதித்த முட்டையோ மீளாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவன், தலைமன்னாருக்கு அப்பால் எப்பொழுதும் சென்று வரத்தக்கவன்.