யார் கொடுத்த பணம்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய உரை)



நான் பத்தாவது வரை படிச்சவள். வீட்டு வேலை போக மிச்ச நேரத்துல பீடி சுத்துதேன். எங்க குழுவில் கணக்கு எழுதுற பொறுப்பு என்னுடையது. அதனால கணக்கைப் பத்தியே பேசுதேன்னு சொன்னேன், சரின்னாங்க. ஆனா இது நம்ம குழுக் கணக்கு இல்லை. நம்மகிட்ட ஓட்டுக் கேட்டு வாரவங்க கணக்கு. நான் எந்தக் கட்சிக்காகவும் பேசலை, எந்தக் கட்சியையும் திட்டவும் வரலை. முதல்லயே சொல்லிடுதேன்.

நம்ம குழுவுல ஒருத்தர் 100 ரூபாய் சேமிப்புக் கட்டினாலும் எல்லார் முன்னாலயும் பெயர் சொல்லி நோட்டுல ஏறும். கடன் யாருக்கு, எவ்வளவு, எதுக்குன்னு தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்குதோம். ஊர்ல அம்மன் கோயில் கொடை முடிஞ்சா வரி எவ்வளவு வந்தது, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு போச்சுன்னு வாசிக்கணும். வாசிக்காட்டி சும்மா விடுவோமா? கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுக்கிறவர்கூட வெளிச்சம் மறையிற அளவுக்கு 'உபயம்'னு தன் பெயரை எழுதுதார்.

ஆனா கட்சிக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறவர் மட்டும் பெயரை மறைச்சுக் கொடுக்க நம்ம நாட்டுல ஒரு சட்டமே இருந்தது. அதுதான் தேர்தல் பத்திரம். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஸ்டேட் பேங்கில் பணம் கட்டிப் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரைக்கும் பத்திரம் உண்டு. வாங்கினவர் பெயரை வெளியே சொல்ல வேண்டாம். இதுக்கு முன்னால ஒரு கம்பெனி தன் மூணு வருஷச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிக்குக் கொடுக்க முடியும். அந்த வரம்பையும் எடுத்துட்டாங்க. நட்டத்துல ஓடுற கம்பெனிகூடக் கொடுக்கலாம்னு ஆச்சு. நட்டத்துல இருக்கிறவன் எதுக்குக் கொடுப்பான்? நீங்களே யோசிங்க.

இதை எதிர்த்து ஜனநாயக சீர்திருத்தச் சங்கம், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி போன்றவங்க உச்ச நீதிமன்றம் போனாங்க. 2024 பிப்ரவரி 15-ம் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒரே முடிவா அந்தத் திட்டம் செல்லாதுன்னு தீர்ப்புக் கொடுத்தாங்க. கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிறது ஓட்டுப் போடுறவங்க உரிமைன்னு சொன்னாங்க. பட்டியலைக் கொடுக்க பேங்க் ஜூன் 30 வரை நேரம் கேட்டது. நீதிமன்றம் மறுத்துட்டது. மறுநாளே பட்டியல் வந்துட்டது! மார்ச் 14-ம் தேதி தேர்தல் ஆணையம் அதை வெளியிட்டது. எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குன்னு நம்பரோட ஒரு வாரத்துல வந்தது.

அதுல என்ன இருந்தது? 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் 12,000 கோடி ரூபாய்க்கு மேல. அதிகமா வாங்கினது பாரதிய ஜனதா கட்சி, சுமார் 6,060 கோடி. அதிகமாக் கொடுத்த கம்பெனி நம்ம கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரிக் கம்பெனி, ஃபியூச்சர் கேமிங். 1,368 கோடி! அதில் திரிணாமுல் காங்கிரஸுக்கு 542 கோடி, திமுகவுக்கு 503 கோடி, பாஜகவுக்கு 100 கோடி. தமிழ்நாட்டுல லாட்டரிச் சீட்டு 2003-லேயே தடை ஆயிட்டது. சீட்டுக் கிழிச்சுக் குடும்பம் அழிஞ்ச கதை நம்ம ஊர்லயும் உண்டு. தாழையூத்து சங்கர் நகரில் ஆலை வச்சிருக்கிற இந்தியா சிமெண்ட்ஸ் பெயரும் பட்டியலில் இருந்தது. கொடுத்தது தப்புன்னு நான் சொல்லலை. அப்போ சட்டம் அனுமதிச்சது. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான் கேக்குதேன்.

எங்க குழுவில் மூத்த அக்கா ஒருத்தங்க, "யார் கொடுத்தா நமக்கென்னட்டி, நம்ம பொழப்பைப் பார்ப்போம்"னாங்க. நான் சொன்னேன்: அக்கா, மொய் நோட்டை எதுக்கு பத்திரமா பீரோவுல வச்சிருக்கீங்க? நமக்கு 1,000 ரூபாய் எழுதினவுக வீட்டு விசேஷம் வந்தா நாம திருப்பிச் செய்யணும்லா, அதுக்குத்தானே. கட்சிக்குக் கோடி எழுதினவருக்கும் ஒரு நாள் விசேஷம் வரும். ஆத்துத் தண்ணியா, மணலா, குவாரியா, ரோட்டுக் கான்ட்ராக்டா, அவர் எதையோ கேட்டு நிப்பார். அப்போ திருப்பிச் செய்யுறது யார் வீட்டுப் பணம்? நம்ம வரிப்பணம், நம்ம தாமிரபரணி. மொய் நோட்டு நம்ம கண்ணுல பட்டாத்தானே, இவருக்கு இந்த வேலை ஏன் கிடைச்சதுன்னு கேக்க முடியும்? அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ கேக்கத்தான் வேணும்"னாங்க.

இன்னொன்னு. சொன்னா சில பேருக்கு வருத்தமா இருக்கும். தேர்தலுக்கு முன்னால வீடு வீடா கவர் வருதே, அந்தப் பணமும் எங்கிருந்தோதான் வருது. 2019-ல வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே பணப் பட்டுவாடாவால் ரத்து பண்ணினாங்க. 2024 ஏப்ரலில் நாம ஏறி வர்ற நெல்லை எக்ஸ்பிரஸில், தாம்பரத்துல வச்சுக் கிட்டத்தட்ட 4 கோடி ரூபாய் பிடிபட்டது. அது யாருக்குப் போன பணம்னு விசாரணை சொல்லட்டும். ஒரு கவர் 500 ரூபாய்னா, அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாளைக்கு 30 காசுகூட வரலை. கட்டு பீடிக்குக்கூட அதைவிட நல்ல கூலி கேட்டுச் சண்டை போடுறவங்க நாம.

பத்திரம் போயிட்டதால எல்லாம் வெளிச்சமாயிடலை. 20,000 ரூபாய்க்கு மேல கொடுத்தவர் பெயரைத்தான் கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்லணும். அதுக்குக் கீழே துண்டு துண்டா வந்தா பெயர் வராது. கம்பெனிகள் தேர்தல் அறக்கட்டளை வழியாவும் கொடுக்குது. அங்கே பல கம்பெனிப் பணம் ஒண்ணாச் சேர்ந்து போறதால எது எந்தக் கட்சிக்குன்னு பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம்.

நாம என்ன செய்யலாம்? மூணு காரியம் சொல்லுதேன்.

ஒண்ணு, வேட்பாளர் ஒவ்வொருத்தரும் சொத்து, கடன், வழக்கு விவரத்தைப் பிரமாணப் பத்திரமாக் கொடுக்கணும். அது தேர்தல் ஆணைய இணையதளத்துல இருக்கு. அடுத்த தேர்தலுக்கு அதைப் பிரிண்ட் எடுத்துக் குழுக் கூட்டத்துல வாசிப்போம். படிச்ச பிள்ளைங்க நம்ம வீட்லயே இருக்கு, போன்ல எடுத்துக் கொடுக்கும்.

ரெண்டு, கட்சிகள் வருஷா வருஷம் கொடுக்கிற நன்கொடைப் பட்டியலும் அதே இடத்துல இருக்கு. ஜெயிச்சவரும் தோத்தவரும் 30 நாளுக்குள்ள செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலர்கிட்ட கொடுக்கணும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுல யார் வேணாலும் கேட்டுப் பார்க்கலாம். மனுக் கொடுக்க நாம பயப்பட வேண்டியதில்லை.

மூணு, ஓட்டுக் கேட்டு வாரவர் யாரா இருந்தாலும் ஆரத்தி எடுக்கிறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி: "ஐயா, உங்க கட்சிக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தாங்க?" எல்லாக் கட்சிக்காரர்கிட்டயும் இதே கேள்வியைக் கேக்கணும். நமக்கு வேண்டப்பட்டவர்னா கூடுதலாவே கேக்கணும்.

வாராவாரம் கணக்கு வாசிச்சு, ஒரு ரூபாய் இடிச்சாலும் ராத்திரி உக்காந்து கண்டுபிடிக்கிறவங்க நாம. நம்மகிட்ட கணக்குக் கேட்டுத்தான் பேங்க் கடன் கொடுக்குது. அதே கணக்கை அவுககிட்ட நாம கேக்கிறதுல என்ன தப்பு? இதைக் கூட்டமைப்பு அடுத்த கூட்டத்துல தீர்மானமா எடுக்கணும்னு கேட்டுக்கிடுதேன்.