ஒட்டுப் போர்வையும் ஒட்டுறவும்

(மகளிர் குழுக்களின் கைவேலைக் கண்காட்சியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இப்பந்தலுக்குள் நுழைந்ததும் உங்களிற் பலர் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சென்ற ஆண்டு இங்கே நடுவில் ஒரு மேசை இருந்தது. அதன்மேல் வெள்ளை விரிப்பும், விரிப்பின்மேல் மூன்று பரிசுக் கோப்பைகளும் இருந்தன. இவ்வாண்டு அம்மேசையைக் காணோம். பந்தற்கால்களுக்கு இடையே கொடிக்கயிறு கட்டி, நீங்கள் தைத்த ஒட்டுப் போர்வைகளைத் துணி உலர்த்துவதுபோலத் தொங்கவிட்டிருக்கிறோம். "பரிசுக்குப் பணம் இல்லாமற் போய்விட்டதோ?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். பணம் இல்லாமற் போகவில்லை. எனக்குச் சற்றுப் புத்தி வந்தது, அவ்வளவுதான். அந்தப் புத்தி வந்த வகையை இன்று உங்களிடம் ஒளிக்காமற் சொல்லிவிட விரும்புகிறேன்.

சென்ற ஆண்டுக் கண்காட்சிக்கு, தையல் கற்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த ஒரு பெண் தம் முதற் போர்வையைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் நான்கு விரற்கடை நீண்டிருந்தது. நடுவில் துணி கூடிச் சுருங்கியிருந்தது. பரிசுக்குரிய போர்வைகளுக்குப் பக்கத்திலேயே அதையும் விரித்துவிட்டார்கள். பார்த்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நானும், ஊக்கம் அளிப்பதாக எண்ணிக்கொண்டு, "அடுத்த ஆண்டு நன்றாகத் தைத்துக் கொண்டுவாருங்கள்" என்றேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. மேற்புறம் யார் கண்ணிலும் படாதவாறு போர்வையை மடித்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பந்தலின் பின்வழியாகப் போய்விட்டார்.

அதன்பின் அவர் பயிற்சிக்கு வரவில்லை. அவரோடு தொடங்கிய வேறு சிலரும் வரவில்லை. பதிவேட்டில் வரிசையாக விழுந்திருந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்தபோது, தையல் கடினமென்று விட்டுவிட்டார்கள் போலும் என்று நினைத்தேன். அதிகாரிகளுக்கு இத்தகைய விளக்கங்கள் எளிதிற் கிடைத்துவிடும்!

சில மாதங்கள் கழித்து, கட்டி முடிந்த வீடுகளைப் பார்வையிட அப்பெண்ணின் தெருவுக்குச் செல்ல நேர்ந்தது. அவருடைய கைக்குழந்தை திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் விரித்திருந்தது அதே போர்வை. "இது நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா?" என்றேன். "படுக்கப் போதும், ஐயா, நாலு பேர் பார்க்கத்தான் போதாது" என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. போர்வை படுக்கவும் போர்த்தவும் ஏற்பட்ட பொருள். தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்த ஒரு பொருளை, அதைச் செய்தவரே போதாதென்று கருதும்படி செய்துவிட்டேன். முடிந்த வேலையை நாம் காட்டிய முறையே, புதிதாகத் தொடங்கியவரை விரட்டிவிட்டது. ஒருவர் முடித்த போர்வையை மற்றவருக்கு எவ்வாறு காட்டுவது என்பதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

கந்தை என்றால் கிழிந்து கழித்த துணி என்பதே இன்று நம் எண்ணம். அச்சொல்லுக்கு இனமான 'கந்தா' என்னும் வடசொல், துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடையைக் குறிப்பது. வங்காளத்தில் இன்றும் 'காந்தா' என்றால் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்த விரிப்பு. பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலைக் கொண்டே அதில் பூவும் கொடியும் விலங்கும் தைத்தார்கள். துணியும் பழையது, நூலும் பழையது. புதிதாகச் சேர்ந்தது கைத்திறன் ஒன்றுதான்.

வங்காளத்திற்கு அண்டையிலுள்ள பீகாரில் இதற்குச் 'சுஜனி' என்று பெயர். பிறந்த குழந்தைக்குப் பழந்துணிகளை இணைத்து மென்மையான விரிப்புத் தைப்பது அங்கே வழக்கம். முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா என்னும் கிராமத்தில், 1980களின் இறுதியில், ஒரு தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் இத்தையல் புத்துயிர் பெற்றது. அவ்வூர்ப் பெண்கள் வரதட்சிணைக் கொடுமை, பெண் கல்வி முதலிய செய்திகளையும் துணியில் தைக்கத் தொடங்கினார்கள். தாம் கற்றதை அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்களுக்கும் கற்பித்துவந்த நிர்மலா தேவி என்னும் அம்மையாருக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கற்றுக்கொடுத்த கைக்கு நாடு செய்த மரியாதை என்றே நான் அதைக் கருதுகிறேன்.

ஆயினும், என் தவறு எது என்பதை எனக்கு விளங்கவைத்தது, கடல் கடந்த நாட்டில் உள்ள ஒரு சிற்றூரின் வரலாறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து சூழ்ந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊர் இருக்கிறது. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிவந்தோர் அங்கே வாழ்கின்றனர். குளிர்காலத்தில் அவர்களுடைய மரவீடுகளின் இடுக்குகள் வழியே காற்றுப் புகும். ஆகவே கிழிந்த வேலையுடைகளையும், மூட்டைத் துணிகளையும், கிடைத்த துண்டுகளையும் இணைத்துப் போர்வை தைத்துக்கொண்டார்கள். மிசௌரி பெட்வே என்னும் அம்மையார், கணவரை இழந்தபின், 1942இல் அவருடைய வேலையுடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவ்வுடைகளைக் கிழித்துக் கொடுத்தவர் அவருடைய இளம் மகள். அம்மகள் பின்னாளில் தாமும் பேர்பெற்ற போர்வைக் கலைஞர் ஆனார். கிழித்துக் கொடுப்பதும் ஒரு பாடமே என்பதை இங்குள்ள இளம்பெண்கள் நினைவில் வையுங்கள்.

வெயில் காலம் வந்ததும் அவ்வூர்ப் பெண்கள் போர்வைகளைக் கொடிகளில் போட்டுக் காயவைப்பார்கள். தெருவழியே செல்பவர்கள் பார்த்துக்கொண்டே செல்வார்கள். ஒருவர் தைத்ததை மற்றொருவர் கண்டு, வீட்டுக்குச் சென்று, தமக்குத் தோன்றியபடி மாற்றித் தைப்பார். அங்கே மேசையும் இல்லை, கோப்பையும் இல்லை. நல்ல போர்வையும் கோணற் போர்வையும் ஒரே வெயிலில் ஒரே கயிற்றில் கிடந்தன. அக்கொடிக்கயிறே அவர்களுக்குக் கண்காட்சி; அதுவே பள்ளிக்கூடம்.

1965 டிசம்பரில், மக்களின் உரிமைப் பணிக்காக அப்பகுதியில் சென்றுகொண்டிருந்த பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் வெள்ளைக்காரப் பாதிரியார், ஒரு வீட்டுக் கொடியில் தொங்கிய போர்வைகளைக் கண்டு காரைவிட்டு இறங்கினார். அந்நியர் வருவதைக் கண்டு அஞ்சிய அவ்வீட்டுப் பெண்மணி காட்டுக்குள் ஓடி மறைந்துவிட்டார். பந்தலின் பின்வழியே சென்ற நம் சகோதரியை நான் இங்கே நினைத்துக்கொண்டேன். வாக்காளராகப் பெயர் பதிந்துகொண்டதற்காகவே கறுப்பினக் குடும்பங்கள் இருந்த நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட காலம் அது. பாதிரியார் முயற்சியை விடவில்லை. 1966இல் அப்பகுதிப் பெண்கள் 'பிரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். அவர்களுடைய போர்வைகள் நியூயார்க்கு நகரில் ஏலத்தில் விற்பனையாயின. தம் கைவேலைக்குப் பணம் கிடைக்கும் என்பதை அப்பெண்கள் கண்டார்கள்.

விற்பனையைப் பற்றியும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. பெரிய கடைகள் போர்வைகளை வாங்க முன்வந்தபோது, ஒரே அளவும் ஒரே மாதிரியும் கேட்டன. சங்கமும் அவ்வாறே தைத்துக் கொடுத்தது. அது வருமானத்துக்கு அவசியம். அதில் குறைகாண இடமில்லை. ஆனால் 2002இல் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்திலும், பின்னர் நியூயார்க்கிலும் மக்கள் திரண்டு வந்து வியந்து பார்த்தவை, ஜீஸ் பெண்ட் பெண்கள் தத்தம் வீட்டுக்கென மனம்போனபடி தைத்தவை. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றுள் பத்துப் போர்வைகளைத் தபால் தலைகளில் அச்சிட்டது. ஆகவே சகோதரிகளே, விலைக்கு ஏற்றுத் தைக்கும்போது அளவுகோலை மறவாதீர்கள். வீட்டுக்குத் தைக்கும்போது அளவுகோலுக்கு அஞ்சாதீர்கள். முதற் போர்வை வீட்டுக்குரியதாகவே இருக்கட்டும்.

இனி, புதிதாகத் தொடங்குவோருக்குச் சில சொற்கள். பெரிய போர்வையில் கை வைக்க வேண்டாம். குழந்தைக்கு விரிக்கும் அளவில், இரண்டடிச் சதுரம் தைத்தாற் போதும். துணிகளை முதலில் துவைத்து உலர்த்திக்கொள்ளுங்கள்; இல்லாவிடில் பின்னர் ஒரு துண்டு சுருங்கும், ஒரு துண்டு சாயம் விடும். பனியன் துணி இழுபடும். சேலைத் துணி இழுபடாது. முதல் வேலையில் இரண்டையும் கலக்காதீர்கள். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் தரையில் மடிப்பின்றி விரித்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீளத் தையலாக நூலோட்டிக்கொண்ட பின்பே நெருக்கத் தையலைத் தொடங்குங்கள். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வந்தால், துணி நடுவிற் கூடிச் சுருங்கும்.

சென்ற ஆண்டு அப்பெண்ணின் போர்வை சுருங்கியதற்குக் காரணம் இதுவே. இதை எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நாம் அதைப் பார்த்துச் சிரித்த நேரம் அதைவிட அதிகம்.

கைதேர்ந்த தாய்மார்களுக்கும் என் வேண்டுகோள் சில உண்டு. உங்கள் போர்வையைக் காட்டும்போது அதன் பின்புறத்தையும் திருப்பிக் காட்டுங்கள். முடிச்சும், பிரித்துத் தைத்த தடமும் அங்கேதான் இருக்கின்றன. கற்பவருக்கு வேண்டியவை அவையே. எத்தனை நாள் ஆயிற்று, எங்கே பிழைத்தது, எவ்வாறு சரிசெய்தீர்கள் என்பதையும் கூறுங்கள். புதியவரின் வேலையைப் பார்த்தால், நன்றாக அமைந்த ஓர் இடத்தை முதலிற் சுட்டுங்கள். திருத்தம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பத்துத் திருத்தங்களைச் சுமந்துகொண்டு வீடு திரும்புபவர் மறுநாள் ஊசியைத் தேடமாட்டார். ஒரு போர்வையை முடித்த ஒவ்வொருவரும், தொடங்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வாண்டு நம் வட்டாரத்தின் ஏற்பாடு. அரசாங்கம் பயிற்சி அளிக்கலாம், கடன் பெற்றுத் தரலாம், விற்பனைக்கு வழிகாட்டலாம். பக்கத்தில் உட்காரும் காரியத்தை நீங்கள்தாம் செய்ய இயலும்.

இந்தக் கொடிக்கயிற்றை மறுபடி பாருங்கள். முதலில் தொங்குவது, நம் குழுக்களில் மிக மூத்த தாயார் தம் மணமான புதிதில் தைத்த முதற் போர்வை. அதன் கோணலை நீங்கள் இங்கிருந்தே காணலாம். சென்ற ஆண்டு முதற் கோப்பையைப் பெற்றவரும் அவரே. பெட்டியின் அடியிற் கிடந்த அப்போர்வையை, நான் கேட்காமலே, அவர் எடுத்துவந்து தொங்கவிட்டார். "என்னைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம் என்றுதான்" என்றார்.

வேறொரு செய்தியும் உண்டு. சென்ற ஆண்டு பின்வழியே சென்ற சகோதரியின் போர்வையும் இக்கயிற்றில் இருக்கிறது. நேற்று மாலை அவரே கொண்டுவந்து கொடுத்தார். எது தம்முடையது என்று சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். நான் சொல்லமாட்டேன். குழந்தை உறங்கும் நேரத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே கண்காட்சி மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும். அதற்குள் அனைவரும் ஒவ்வொரு போர்வையையும் கையால் தொட்டு, பின்புறத்தையும் திருப்பிப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.